பொதுச்சுவரில் ஒரு திறப்பு

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். ராஜபாளையத்தின் பழைய தெருக்களில் பல வீடுகள் அப்படித்தான் நிற்கின்றன. இந்தப் பக்கம் ஆணி அடித்தால் அந்தப் பக்கம் காலண்டர் ஆடும். எங்கள் பொதுச்சுவரில் கூடுதலாக ஒன்று இருந்தது. அடுப்படியில், ஒரு சோற்றுப்பானை நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. சென்ற வருடம் ஆடி மாதக் கடைசி வரைக்கும் அது இருந்தது.

அதை அடைக்க நேர்ந்ததற்குக் காரணம் என் மனைவியின் இடுப்பு எலும்பு.

சென்ற வருடம் தை மாதம், பொங்கல் கழிந்து வந்த முதல் செவ்வாய்க்கிழமை, விடிந்தும் விடியாத நேரத்தில் அவள் பின்முற்றத்தில் வழுக்கி விழுந்தாள். எங்கள் வீட்டில் குளிக்கிற இடமும் கக்கூசும் முற்றத்தைத் தாண்டிக் கடைக்கோடியில் இருந்தன. படி இறங்கி, துவைகல்லைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். மதுரைக்குக் கொண்டுபோய் அறுவை செய்து, உள்ளே கம்பி வைத்துத் தைத்து அனுப்பினார்கள். அனுப்பும்போது டாக்டர் சொன்னது இதுதான்: "தரையில உக்காரக் கூடாதும்மா. படி ஆகாது. படுக்கிற அறையோட சேர்ந்து பாத்ரூம் இருக்கணும். இன்னொரு தடவ விழுந்தா என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

அது அமையும் வரைக்கும் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கமோட் நாற்காலி. காலையில் அதன் வாளியை நான் எடுத்துக்கொண்டு போகும்போது அவள் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். தான் குடித்த டம்ளரைக்கூட இன்னொருவர் கழுவ விடாதவள். "இதுக்கு அன்னைக்கே போய்ச் சேந்துருக்கலாம்" என்று ஒருநாள் சொன்னாள். பழைய அடுப்படியையும் அதற்குப் பின்னால் இருந்த தாழ்வாரத்தையும் இடித்துவிட்டு, அந்த இடத்தில் குளியலறையோடு ஓர் அறை, பக்கத்தில் சின்னதாக ஓர் அடுப்படி கட்டுவது என்று அன்று சாயங்காலம் முடிவு செய்தோம்.

கொத்தனார் வந்து பார்த்துவிட்டு, "ஆவணில வாஸ்து நாள் பாத்து வானம் தோண்டிருவோம்ணே. ஆனா பிளான் பாஸாகிக் கையில இருக்கணும். இப்பல்லாம் சும்மா கட்டுனா வந்து நிப்பாட்டிருவாக" என்றார். அஸ்திவாரத்துக்குத் தோண்டுவதை எங்கள் பக்கத்தில் வானம் தோண்டுவது என்போம். ஆவணியை விட்டால் புரட்டாசியில் யாரும் தொடங்க மாட்டார்கள். ஐப்பசி பிறந்தால் மழை. அப்புறம் தைதான். தையில் தொடங்கிக் கட்டி முடிக்கிற வரைக்கும் அந்த வாளியோடு அவள் இருக்க மாட்டாள் என்பது எனக்குத் தெரியும்.

மூலப்பத்திரத்தின் நகலுக்காக மாசி மாதத்தில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன். நகலை வாங்கிக்கொண்டு, அப்படியே ரத வீதியில் இருக்கும் ஓர் இன்ஜினீயரிடம் போனேன். என்னோடு மில்லில் வேலை பார்த்தவரின் மகன். மாடியில் அவருடைய ஆபீஸ், கீழே பால்கோவாக் கடை. ஜன்னல் வழியாகப் பால் சுண்டுகிற வாசனை வந்துகொண்டே இருக்கும். பிளான் வரைகிற காகிதத்தில்கூட அந்த வாசனை ஏறியிருந்தது.

அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து வீட்டை அளந்தார். பங்குனியில் பிளானை விரித்துக் காட்டினார். அழகாக வரைந்திருந்தார். எல்லாம் சரியாக இருந்தது, ஒன்றைத் தவிர.

"தம்பி, பொதுச்சுவத்துல அந்த ஓட்டையக் காணோமே?"

"அது எதுக்கு சார்? எல்லைச் சுவத்துல திறப்பு காட்டுனா ஆபீஸ்ல ஒத்துக்க மாட்டாக."

"ஆனா இருக்கே?"

"இருக்கட்டும் சார். ஆபீஸ் பிளான் வேற, வீட்டு பிளான் வேற. ஊருல எல்லாரும் அப்படித்தான. ஆபீஸுக்கு இதக் குடுப்போம், நீங்க ஓட்டைய வச்சுக்கிடுங்க. யாரு வந்து பாக்கப் போறா?"

நான் மில்லில் டைம் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவன். உள்ளே வந்தவனை வந்தான் என்றும் வராதவனை வரவில்லை என்றும் பதிவதுதான் வேலை. அது உடம்பில் ஊறிவிட்டது. இருக்கிறதை இல்லை என்று வரைந்து அதன் கீழே கையெழுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை. அதோடு அந்த ஓட்டை எங்கள் வீட்டில் இருந்த எந்த ஜன்னலையும் விட எனக்கு முக்கியம். டேப்பை எடுத்துக்கொண்டு போய் நீளம், அகலம், எங்கள் தரையிலிருந்து உயரம் எல்லாம் அளந்து, அவரிடம் கொடுத்து வரையச் சொன்னேன்.

"ஊருலயே ஓட்டைக்கு அளவு எடுத்த ஒரே ஆளு நீங்கதான்" என்றாள் மனைவி, கட்டிலில் படுத்தபடி.

அந்த ஓட்டை என் அக்காவின் கல்யாணத்தில் வந்தது. நான் பள்ளிப் படிப்பை முடித்த வருடம், வைகாசி மாதம். கல்யாணம் வீட்டில், பந்தல் எங்கள் முற்றத்தையே அடைத்துக்கொண்டதால் சமையல் பக்கத்து வீட்டுக் கொல்லையில். சாம்பார் வாளியோடு தெரு வழியாகச் சுற்றி வர, கூட்டம் வழி விடவில்லை. சமையலுக்கு வந்திருந்தவர்கள் அதற்கே பேர்போன சுந்தரபாண்டியம் ஊர்க்காரர்கள், இரண்டு பேரும் நல்ல உயரம். அவர்களில் மூத்தவர் யாரையும் கேட்கவில்லை. ஒரு கடப்பாரையை எடுத்து அந்த வீட்டு அடுப்படிச் சுவரில் தன் தோள் உயரத்தில் நாலு செங்கல்லைப் பெயர்த்து, அதன் வழியாக வாளியை நீட்டினார். அப்பா பதறிப்போய் அந்த வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் சிரித்துவிட்டு, "கல்யாணம் முடியட்டும் மாமா, அடைச்சுக்கிடுவோம்" என்றார். அக்கா பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். யாரும் அடைக்கவில்லை.

அந்த வீட்டுக்காரருக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். அவர் மனைவியை அந்தத் தெருவில் எல்லாரும் 'பின்னி' என்றே கூப்பிட்டோம். அவர்கள் மொழியில் சித்தி என்று அர்த்தம். என்னை விட ஏழெட்டு வயதுதான் மூத்தவர். இன்றைக்கு அந்த வீட்டுக்காரர் இல்லை, பிள்ளைகள் ஐதராபாத்தில். பின்னி மட்டும் இருக்கிறார்.

அந்த ஓட்டை வழியாக வந்தது போனதையெல்லாம் எழுதினால் முடியாது. காலையில் ஒரு காப்பி, சாயங்காலம் ஒரு காப்பி, பின்னி கையால். இங்கிருந்து அங்கே கறிவேப்பிலை, இட்லி மாவு, படித்து முடித்த பேப்பர். சித்திரையில் அவர்கள் தோப்பு மாம்பழம், கத்தியோடு வரும். அவர்கள் தறிக்கூடத்தில் பேண்டேஜ் துணி நெய்தார்கள். எங்கள் வீட்டில் யார் முட்டியைச் சிராய்த்துக்கொண்டாலும் ஓட்டையில் ஒரு சுருள் துணி நீளும். கொரோனா சமயத்தில் தெருவின் இரண்டு முனையையும் தகரம் வைத்து அடைத்தபோது எங்களுக்கு அடைப்பே தெரியவில்லை. ஓட்டையில் பின்னியின் கைதான் தெரியும். இரண்டு தங்க வளையல், சுண்டுவிரலில் ஒரு பழைய வெட்டுத் தழும்பு. "ஏட்டி, இந்தா, தீஸ்கோ" என்று ஒரு குரல். எடுத்துக்கோ என்று அர்த்தம். என் மனைவி கல்யாணமாகி வந்த முதல் வாரத்தில் கற்றுக்கொண்ட தெலுங்கு அந்த ஒரு வார்த்தைதான். இன்று வரைக்கும் அதற்கு மேல் தேவைப்படவில்லை.

என் கல்யாணத்துக்கு முன்பே அப்பா ஒருமுறை வீட்டுத் தரையை உயர்த்தினார். தெருவில் ரோடு மேல் ரோடாகப் போட்டு மழைத் தண்ணீர் உள்ளே வரத் தொடங்கியிருந்தது. சரளை கொட்டி நிரப்பியதில், ஆள் உயரத்தில் இருந்த ஓட்டை எங்கள் பக்கம் நெஞ்சுக்கு நேராக இறங்கிவிட்டது. எங்களுக்கு வசதியாகப் போயிற்று.

பிளானை வைகாசியில் கணினி வழியாக நகராட்சிக்கு அனுப்பினோம். ஆனி பாதியில் போனுக்குச் செய்தி வந்தது: எல்லைச் சுவரில் திறப்பு அனுமதி இல்லை, திருத்தி அனுப்பவும். இன்ஜினீயருக்குப் போன் செய்தேன். பெருமூச்சு மட்டும் கேட்டது.

நானே நேரில் போனேன். பிளான் பார்க்கிற பிரிவில் இருந்த அதிகாரி ஒரு பெண். என் மகள் வயது இருக்கும். திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இந்தத் திறப்பு எதுக்கு சார்? எக்ஸாஸ்ட் ஃபேனா?"

"இல்லம்மா. காப்பி வாங்க."

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பக்கத்து மேசைக்காரர், "எங்க வீட்டுல இருந்தா எங்க வீட்டம்மா அதுலயே குடியிருப்பா" என்றார்.

"சார், நீங்க உண்மையக் காட்டிருக்கீங்க, அது எனக்குப் புரியுது" என்றார் அந்தப் பெண். "ஆனா இதுக்கு நான் ஓகே போட முடியாது. நாளைக்கு அந்த வீட்ட வேற யாராவது வாங்குனா வழக்கு வரும். அடைச்சிட்டு போட்டோ எடுத்து ஏத்துங்க, அந்த வாரமே பாஸாகிரும். இல்ல, இடத்த வந்து பாக்கணும்னா ஆய்வாளர அனுப்புறேன். அவரு எழுதுறதப் பாத்துச் சொல்றேன்."

"அனுப்புங்கம்மா" என்றேன்.

இதை வீட்டில் மனைவியிடம் சொன்னேன். ஓட்டைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பின்னிதான் கத்தினார். "அடைக்கணுமாமா? யாரு சொன்னது? எம் பக்கத்துச் சுவத்துல கை வச்சா நான் கையெழுத்துப் போட மாட்டேன் தம்பி, சொல்லிட்டேன்." அவர் கையெழுத்து இல்லாமலும் வேலை நடக்காது. பொதுச்சுவர் ஆயிற்றே. ஆவணிக்கு இன்னும் ஒரு மாதமும் சொச்சமும். நான் ஆய்வாளரை நம்பி உட்கார்ந்திருந்தேன். அவர் நேரில் பார்த்தால் மனம் இளகிவிடுவார் என்று நினைத்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேருக்கு மாவட்டத்துக்கே விடுமுறை. அதற்கு மறுநாள் ஆய்வாளர் வந்தார். எங்கள் பக்கம் அளந்து முடித்துவிட்டு, "அங்கிட்டும் பாக்கணும் சார்" என்றார். தெரு வழியாகச் சுற்றி, பின்னி வீட்டு அடுப்படிக்குள் போனோம். யோசித்துப் பார்த்தால் அந்த அடுப்படிக்குள் நான் நுழைந்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. நுழையத் தேவையே இருக்கவில்லை.

முதலில் எனக்கு ஓட்டையைக் காணோம். பிறகு தலையைத் தூக்கினேன். அது என் நெற்றிக்கு மேலே இருந்தது.

பின்னி என் தோளுக்குக்கூட வர மாட்டார்.

ஆய்வாளரும் அதையே பார்த்தார். "ஏம்மா, இது உங்களுக்கு எட்டுமா?"

"எட்டாமயா இத்தன வருசம் காப்பி போச்சு?" என்றார் பின்னி. அடுப்புக்குப் பக்கத்தில் காப்பி ஆற்றி வைத்திருந்தார். தறிக்கூடத்தில் இருந்த பழைய மர ஸ்டூல் ஒன்று சுவரோரம் கிடந்தது. அதைக் காலால் தள்ளிச் சரி செய்து, இடது கையைச் சுவரில் ஊன்றி, வலது கையில் கொதிக்கிற டம்ளரோடு, நாங்கள் ஐயோ என்பதற்குள் ஏறி நின்றுவிட்டார். எழுபதைத் தாண்டியவர். ஆய்வாளர் ஃபைலைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார், விழுந்தால் பிடிக்கிற மாதிரி. சுவரில் பின்னி கை ஊன்றிய இடம் மட்டும் சுண்ணாம்பு தேய்ந்து கறுத்து, உள்ளங்கை வடிவத்தில் பளபளவென்றிருந்தது.

"ஏட்டி, இந்தா, தீஸ்கோ."

வாக்கரைத் தரையில் ஊன்றி வருகிற சத்தம் கேட்டது. ஓட்டையில் என் மனைவியின் கை வந்தது. அந்தக் கையை அந்தப் பக்கத்திலிருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"என்ன பின்னி, இன்னைக்கு இம்புட்டு லேட்டு?" என்றது அவள் குரல்.

ஆய்வாளர் போகும்போது எங்கள் வீட்டு வாசலில் நின்று சொன்னார்: "சார், ரூல விடுங்க. அந்தம்மாவ ஏற விடாதீங்க."

உள்ளே போய் மனைவியிடம் சொன்னேன். ஸ்டூலைச் சொன்னேன், கை அடையாளத்தைச் சொன்னேன், நம் தரை உயர்ந்ததே தவிர அங்கே உயரவில்லை என்பதைச் சொன்னேன். அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். வாக்கரைப் பிடித்து எழுந்து, ஓட்டைக்கு நேராகப் போய் நின்றாள்.

"பின்னி!"

"என்னட்டி?"

"இத்தன வருசமா ஸ்டூல் மேல ஏறியா குடுத்தீக?"

"பொறவு எப்படிக் குடுக்க? பறந்தா?"

"ஒரு வார்த்த சொன்னா என்ன?"

"சொன்னா நீ வேண்டாம்பே. எனக்கு அது எக்சர்சைஸு. டாக்டரே நடக்கச் சொல்லுதாரு."

"நடக்கச் சொன்னாரா, ஏறச் சொன்னாரா? நான் விழுந்து கிடக்கது பத்தாதா? நீங்களும் விழணுமா? அங்கிட்டு நீங்க விழுந்தா இங்கிட்டிருந்து நான் எப்படி வந்து தூக்க? சொல்லுங்க, எப்படித் தூக்க?"

அறுவை நடந்த பிறகு அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அந்தப் பக்கம் வளையல் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு பின்னி, "சரி, கத்தாத. தையல் பிரிஞ்சிரப் போகுது" என்றார். தையல் பிரித்து மாதங்கள் ஆகியிருந்தன.

நான் ஒரு யோசனை சொன்னேன். புது அடுப்படியில் ஓட்டையைக் கீழே இறக்கி வைத்துக்கொண்டால் என்ன, ஆபீசில் இன்னொரு முறை பேசிப் பார்த்தால் என்ன என்று. மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள்.

"பேசுனா ஆவணி போயிரும். அடைங்க."

கொத்தனார் வந்து தயங்கினார். "ஆடில சுவத்துல கை வைக்கணுமாண்ணே?"

"கட்டத்தான் கூடாது. அடைக்கலாம்" என்றாள் அவள். அந்த விதியை அவள் எங்கிருந்து எடுத்தாள் என்று தெரியவில்லை. கொத்தனார் கரண்டியை எடுத்தார்.

எங்கள் பக்கம் இருந்து கல் வைத்துக்கொண்டு வந்தார். கீழ் வரிசை, நடு வரிசை. மேலே ஒரு கை நுழைகிற இடம் பாக்கி இருந்தபோது, அதன் வழியாக ஒரு டம்ளர் நீண்டது. மனைவி வாங்கப் போனாள்.

"உனக்கில்ல. கொத்தனாருக்கு" என்றது குரல். "ஏறலட்டி, பயப்படாத. அவரு கூட வந்த சித்தாள ஏத்தி விட்டுருக்கேன்."

கொத்தனார் குடித்து முடித்து டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கடைசிக் கல்லை வைத்தார். ஈரம் காயும் முன் நான் போட்டோ எடுத்தேன். அன்றே அனுப்பினோம். பின்னியும் கையெழுத்துப் போட்டார். ஆவணி பிறந்த இரண்டாவது நாள் அனுமதி வந்தது. இன்ஜினீயர் ஒரு டப்பா பால்கோவாவோடு அதைக் கொண்டுவந்து கொடுத்தார். வாஸ்து நாளில் வானம் தோண்டினோம். மழைக்கு முன்னால் ஜன்னல் மட்டம் வரைக்கும் சுவர் எழும்பிவிட்டது. இந்த வருடம் தையில் பால் காய்ச்சினோம்.

ஓட்டை இருந்த இடம் இப்போது புது அடுப்படியில் மஞ்சள் சுண்ணாம்புக்குள் மறைந்துவிட்டது. எனக்கு மட்டும் தெரியும். காலையில் அந்தப் பக்கம் போகும்போது கை தானாக நெஞ்சு உயரத்துக்குப் போகிறது. பின்னி வீட்டு டிவிச் சத்தம்கூடச் சரியாகக் கேட்பதில்லை. புதுப் பூச்சு அத்தனை கனம்.

காப்பி நிற்கவில்லை. தெரு வழியாக வருகிறது. முதல் நாள் பின்னி தூக்குவாளியோடு எங்கள் வாசலில் நின்று பத்து நிமிடம் திட்டினார். "முன்னெல்லாம் தல சீவாம குடுப்பேன். இப்பம் உனக்கு ஒரு வாய் காப்பி குடுக்க நான் சேல மாத்தி, தல சீவி, கல்யாணத்துக்குப் போற மாதிரி வர வேண்டியிருக்கு." திட்டிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். ஓட்டை இருந்த காலத்தில் அவர் எங்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து பார்த்ததே இல்லை. இப்போது தினமும் சாயங்காலம் புது அறையில் ஒரு நாற்காலி அவருக்கு என்று ஆகிவிட்டது. இரண்டு பேரும் என்ன பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் வந்தால் நிறுத்திவிடுகிறார்கள்.

குளியலறை தயாரான பிறகும் மனைவி முதல் இரண்டு நாள் அதில் குளிக்கவில்லை. உட்கார்ந்து குளிக்க வாங்கியிருந்த பிளாஸ்டிக் ஸ்டூல் ஈரத் தரையில் லேசாக அசைந்தது. அவள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நாளைக்குப் பாக்கலாம்" என்று கட்டிலுக்குத் திரும்பிவிட்டாள். விழுந்த பயம் எலும்பை விட மெதுவாகத்தான் கூடுகிறது.

மூன்றாம் நாள் பின்னி காப்பியோடு வரவில்லை. தெருவில் போன ஓர் ஆட்டோக்காரரை நிறுத்தி, அவர் தலையில் அந்த மர ஸ்டூலைச் சுமக்க வைத்துக்கொண்டு வந்தார். நேராகக் குளியலறைக்குள் போட்டு, தண்ணீரை ஊற்றி, நாலு மூலையிலும் கையால் அழுத்திப் பார்த்தார். பிறகு வெளியே வந்து, வாக்கரைப் பிடித்து நின்றுகொண்டிருந்த என் மனைவியிடம் சொன்னார்:

"நாப்பது வருசத்துக்கு மேல நான் இதுல ஏறி நின்னிருக்கேன். ஒரு நாளும் ஆடுனதில்ல. நம்பி உக்காருட்டி. நான் வெளிய நிக்கேன்."

கதவு சாத்திக்கொண்டது. பிறகு உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.